வெளியிலிருந்து கூப்பிட்ட ஃபங்ஷன்

கொம்பியூட்டர் வேலை என்பது, கேட்டவருக்குச் சுத்தமாக விளங்காத, செய்தவருக்குப் பாதிதான் விளங்கிய ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அது படுத்துக்கொள்ளும்போது இரண்டு பேரும் சேர்ந்து முழிக்கிற தொழில். நீங்களும் இதில் மாட்டிக்கொண்ட ஆள் என்றால் வாருங்கள், பக்கத்தில் இருங்கள். கல்முனைக்குடியில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் நெல் மில்லுகளுக்கும் இணையச் செயலி செய்து கொடுக்கிறவள் நான். ஒரு கலியாண மண்டபத்துக்குச் செய்து கொடுத்த கதையை மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு பிள்ளையின் கலியாணமே தெருவுக்கு வரப் பார்த்தது.

ஃபங்ஷன் எங்கே?

மண்டபக்கார ஹாஜியாருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. ஆட்கள் போனிலேயே மண்டபம் புக் பண்ண வேண்டும். சரி என்று ஒரு டூலை எடுத்தேன். 'கோடே தேவையில்லை' என்று விளம்பரம் செய்கிற டூல். பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தால் செயலி வந்துவிடுமாம். வரும்தான், நீங்கள் கேட்பது அந்தப் பெட்டிக்குள் இருந்தால். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு யார் இங்கிலிஷ் தேதி சொல்கிறார்கள்? 'பெருநாள் மூன்றாம் நாள்', 'ஹஜ் மாதம் பிறை இருபது', இப்படித்தான் வந்து நிற்பார்கள். அந்த டூலின் கலண்டருக்கோ ஜனவரியில் இருந்து டிசம்பர் வரைதான் தெரியும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, எடுக்கிறவர் எடுக்கட்டும் என்று இணையத்தில் விட்டிருக்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதற்குள் ஒரு ஃபங்ஷன். பிறைக் கணக்கைக் கொடுத்தால் இங்கிலிஷ் தேதியைத் தரும். அதை டூலுக்குள் இருந்து கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அலுவல். இதை ஹாஜியாருக்கு விளங்கப்படுத்தப் போனேன் பாருங்கள், அதுதான் என் விசர். "ஹாஜியார், ஃபங்ஷன் உள்ளுக்க இல்ல. வெளிய லைப்ரரில இரிக்கி. அங்க இருந்துதான் கூப்பிடணும்" என்றேன். மனிசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்கு எங்கேயோ அடி பட்டிருக்கிறது என்ற மாதிரி என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள நீ கதைக்கிற? ஏசியும் போட்டு இவ்வளவு பெரிய மண்டபம் கட்டி வச்சிரிக்கன், ஃபங்ஷன லைப்ரரில வைக்கச் சொல்றியா?"

கோடே தேவையில்லை

டூலை விற்ற கம்பனியின் ஏஜென்ட் ஒருவர் கொழும்பில் இருக்கிறார். பெயர் ரமேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் "நோ ப்ரொப்ளம் மிஸ்" என்றுதான் தொடங்குவார். ப்ரொப்ளம் அவருக்கு இல்லைதானே, எனக்குத்தானே.

வெளி லைப்ரரியைச் சேர்க்க டூலில் ஒரு மூலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், வேண்டா வெறுப்பாக. அதில் லைப்ரரியின் முகவரியைப் போட்டு ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்ததில் விளங்கியது: லைப்ரரி வந்து சேருவதற்கு முன்னாலேயே டூல் பக்கத்தைத் திறந்துவிட்டு, வராத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதைச் சரி செய்தேன். மறுகாவும் இல்லை என்றது. இந்த முறை பெயரில் ஒரே ஒரு எழுத்து. பெரிய எழுத்தில் போட வேண்டியதைச் சின்னதில் போட்டிருக்கிறேன். அந்த ஓர் எழுத்துக்கு நாலு நாள் போனது. பிழை எங்கே என்று அந்தக் கழுதை டூல் ஒரு வார்த்தை சொன்னதா? சொல்லாது. நான் ரமேஷுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நோ ப்ரொப்ளம் மிஸ். எங்கட டூலுக்குக் கோடே தேவையில்ல. நீங்க எழுதின கோட்லதான் பிழை."

ப்ராமிஸ்

மண்டபத்தின் கிளாக்கர் லத்தீப் காக்கா; எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். மண்டபம் திறந்த நாளில் இருந்து புக்கிங் எல்லாம் ஒரு நீலக் கொப்பியில் பென்சிலால் எழுதி வருகிற ஆள். செயலியின் முதல் புக்கிங் ரசீதுத் துண்டை அவரையே அச்சடிக்கச் சொன்னேன். அடித்தார். பெயர் சரி, மண்டபம் சரி, தேதி வர வேண்டிய இடத்தில் 'ப்ராமிஸ்' என்று இங்கிலிஷில் விழுந்திருந்தது.

இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியும். இந்த டூலில் வெளி ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பதில் உடனே வராது. 'பிறகு தருகிறேன்' என்று ஒரு வாக்கைத் தந்துவிட்டுப் போகும். பதில் வரும்வரை நில் என்று நாம் சொல்லி வைக்காவிட்டால் அந்த வாக்கையே பிடித்து அச்சடித்துவிடும். நான் சொல்லி வைக்கவில்லை. காக்கா துண்டை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"தங்கச்சி, நாளத் தா எண்டு கேட்டா ப்ராமிஸ் தருது. எலக்சன் கேக்க வந்த ஆள் மாதிரி இரிக்கே இது?"

பென்சில் கோடு

ஒருவழியாகச் செயலி ஓடத் தொடங்கியது. நோன்பு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மருதமுனைச் சித்தி ராத்தா வந்தா; சித்தி என்பது அவவின் பெயர், ராத்தா என்றால் அக்கா. புடவைக்கடை வைத்திருக்கிறா. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, அவர் கட்டாரில் வேலை. பெருநாளுக்கு லீவில் வந்து, அடுத்த திங்கட்கிழமை திரும்பவும் பிளேன் ஏற வேண்டும். அதற்குள் நிக்காஹ் முடிய வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். "பெருநாள் மூணாம் நாள் போடு மகள்" என்றா. போட்டேன். ஃபங்ஷன் ஒரு நொடியில் சனிக்கிழமை என்றது. பெட்டி பச்சையாக மாறியது. எனக்கு என்னவோ நானே பிறையைக் கண்ட மாதிரிப் பெருமை.

லத்தீப் காக்கா பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதினார். எழுதிவிட்டு சனிக்கிழமையில் இருந்து ஞாயிறு முடியும்வரை நீளமாகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பெருநாள் கிழமையில், அந்த வாரம் முழுக்க, ஒருத்தருக்கு இரண்டு நாளை மறித்து வைப்பது அவருடைய பழக்கம். நான் சிரித்தேன். "இதென்ன காக்கா, ஒரு கலியாணத்துக்கு ரெண்டு நாளா? ஃபங்ஷன்தான் கணக்காச் சொல்லுதே" என்று ஹாஜியாருக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னேன். ஹாஜியாரும் கொப்பியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். காலியாகக் காட்டிய ஞாயிற்றுக்கிழமையை அடுத்த வாரமே ஒரு ஆள் போனில் புக் பண்ணினார். யார் தெரியுமா? நம்முடைய ரமேஷேதான். ஊரில் லீவில் நிற்கிற படித்த பிள்ளைகளைக் கூட்டி, 'கோடே தேவையில்லை' என்று செமினார் வைக்கப் போகிறாராம். அதில் காட்டப் போகிற செயலியும் எங்கள் மண்டபத்துச் செயலிதானாம். நான் சந்தோஷப் புளுகத்தில் நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தேன். காக்கா கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"கொப்பிய மூடிட்டன் தங்கச்சி. ஒங்கட கணக்கு பிறைக்குத் தெரியுமா எண்டு மட்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

முப்பதாம் நோன்பு

இருபத்தொன்பதாம் நோன்பு, புதன்கிழமை. மஃரிபுக்கு, பொழுது சாய்கிற நேரம், கடற்கரையெல்லாம் ஆட்கள். வானம் முழுக்க மேக மப்பு. கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் சொன்னார்கள்: நாட்டில் எங்கேயும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது, பெருநாள் வெள்ளிக்கிழமை. என்னுடைய ஃபங்ஷன் வியாழக்கிழமை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தது! கஞ்சிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு லெப்டொப்பைத் திறந்தேன். அந்த லைப்ரரியின் விளக்கப் பக்கத்தை அன்றுதான் கடைசிவரை வாசித்தேன். கடைசிப் பந்தியில் எழுதியிருக்கிறான் மனிசன்: இது வெறும் கணக்கு, ஊருக்கு ஊர் பிறை ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், அப்படியானால் இந்த இடத்தில் ஒன்று என்று போடுங்கள். அந்த இடத்தில் நான் பூச்சியத்தோடு விட்டிருந்தேன்.

ஒன்று என்று போட்டேன். சித்தி ராத்தாவின் மகளுடைய கலியாணம் சனிக்கிழமையில் இருந்து தாவி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து, ரமேஷின் செமினார் மடியில் போய் உட்கார்ந்தது. பெட்டி சிவப்பு. ரமேஷுக்குப் போன் எடுத்து மன்றாடினேன்.

"ஸொரி மிஸ். சிஸ்டத்தில ஞாயிறு எங்கட பேர்லதான் இருக்கு. நாங்க சிஸ்டத்தைத்தான் நம்புவோம்."

மூன்றாம் நாள்

அடுத்த நாள் காலை மண்டபத்து ஒஃபிசில் எல்லாரும். பேனர் கட்டுவதற்காக ரமேஷ் முதல் நாளே ஊருக்கு வந்து நின்றிருக்கிறார், போனும் கையுமாக அவரும் வந்தார். சித்தி ராத்தா கலியாணக் கார்ட்டோடு வந்தா. சத்தம் போடுவா என்று பயந்தேன். போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். "முந்நூறு கார்ட் குடுத்திரிக்கன் மகள். எல்லாத்துலயும் பெருநாள் மூணாம் நாள் எண்டுதான் அடிச்சிரிக்கி, தேதி இல்ல. ஊடு ஊடாப் போய் ரெண்டாம் நாள் வாங்க எண்டு சொல்றதா நான்? திங்கக்கிழம மாப்புள ஏறிருவாரே" என்றா.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நிலம் பிளக்காதா என்று இருந்தது. "பிழை என்னோடதான் ராத்தா, கடைசிப் பந்திய நான் வாசிக்கல்ல" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். ரமேஷ் போனை நீட்டினார்: புக்கிங் உறுதி, ஞாயிறு. ஹாஜியார் தாடியைத் தடவினார். இரண்டு பக்கமும் அவர் கொடுத்த வாக்கு, எதை முறிப்பது? அப்போதுதான் லத்தீப் காக்கா லாச்சியைத் திறந்து நீலக் கொப்பியை மேசையில் விரித்தார். 'சித்தி ராத்தா, பெருநாள் 3, பிறை பார்த்து.' அதற்குக் கீழே சனியில் இருந்து ஞாயிறு முடியும்வரை அந்தப் பென்சில் கோடு. நான் சிரித்தும் மனிசன் அழிக்கவில்லை. ஹாஜியார் குனிந்து பார்த்துவிட்டு, "இதுதான் முதல் எழுதினது" என்றார்.

"அப்ப எங்கட ஃபங்ஷன் என்ன ஆகிறது?" என்று ரமேஷ் எழும்பினார். காக்கா கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை.

"சனிக்கிழம எண்டு சொன்னது ஒங்கட ஃபங்ஷன்தானே தம்பி? அப்ப ஒங்கட ஃபங்ஷன நீங்க சனிக்கிழமையே வைங்க."

கூப்பிடுதல்

எல்லாருக்கும் ஞாயிறு என்று சொல்லியாயிற்றே என்று ரமேஷ் இழுத்தார். "ஒரு பட்டனை அமத்தினா எல்லாருக்கும் மெசேஜ் போகும் எண்டு விளம்பரத்துல போட்டிரிக்கீங்களே" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ருசியை உங்களுக்குச் சொல்லி மாளாது. பட்டனை அமத்தினார், அமத்தினார், ஒன்றும் போகவில்லை. பிறகு என் பக்கம் கதிரையை நகர்த்தி, மெதுவான குரலில், அதற்கு வெளியில் இருந்து ஒரு ஃபங்ஷன் கூப்பிட வேண்டும், ஒரு சின்னக் கோடு எழுதித் தர முடியுமா மிஸ் என்றார். கோடே தேவையில்லாத டூலுக்கு! எழுதிக் கொடுத்தேன், நோன்போடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. கார்ட் கிடைத்த வீட்டில் ஒரு வீடு தவறவில்லை. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனபோது சித்தி ராத்தா அழுதா, நானும் ஒரு மூலையில் நின்று அழுதேன். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பல பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் இருத்தி, கோழிக் காலாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னா:

"சின்னவள்ட கலியாணத்துக்கும் ஒன்னக் கட்டாயம் கூப்பிடுவன் மகள், ஆனா சாப்பிட மட்டும்."

அன்றில் இருந்து பெருநாள் கிழமைக்கு நான் கூப்பிடுகிற ஒரே வெளி ஃபங்ஷன் லத்தீப் காக்காதான். முதல் தடவையிலேயே பதில் வருகிறது, பென்சிலில்.