கிறிஸ்துமஸ் மரம் போர்த்திய சாமந்தி

"இது செத்துப்போச்சா, தூங்குதா? சொல்லு பாப்போம்."

ஏப்ரல் கடைசியில், மண்ணில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த கட்டைகளைக் காட்டிப் பக்கத்து வீட்டு மார்லிஸ் என்னைக் கேட்டார். எனக்கு, அவை அப்படி நிற்க என் அப்பாதான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

மார்லிஸ் ட்வைட் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிற பெண்மணி. மினசோட்டாக் குளிரில் இன்ஜின் மக்கர் செய்திருக்கிறது, அவர் செய்ததில்லை. அவர் வீட்டுத் தெற்குச் சுவரோரம் பதினொரு தூர் சாமந்தி, துருநிறத்தில். கடையில் அக்டோபரில் பூவோடு வாங்கி நடும் தொட்டிச் சாமந்தி பெரும்பாலும் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது. இவை எத்தனையோ தாண்டியவை. உறைபனிக்கு முன்பே, செப்டம்பர் நடுவில் பூத்துவிடும்.

அந்த வருடச் செப்டம்பரில் அவர் மகன் ட்ரேவருக்குக் கல்யாணம். தேவாலயக் கூடத்தில் முப்பது மேசை, மேசைக்கு ஒரு ஜாடி இந்தச் சாமந்தி என்று வரப்போகும் மருமகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்தைய வருட அக்டோபர் கடைசியில்தான் முழங்கால் அறுவைக்காக மருத்துவமனையில் படுத்தார். பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்தால் எங்கள் ஊரில் யாராலும் சும்மா இருக்க முடியாது. அம்மா, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் ஹாட்டிஷ் என்ற பதார்த்தத்தைச் சுட்டார். அப்பா ஆரின், இலை ஊதும் இயந்திரத்தை எடுத்தார். புல்வெளியில் ஒரு சருகு கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. மார்லிஸ் வாடிய தண்டுகளை அப்படியே விட்டுவைப்பது வருடாவருடம் அப்பாவின் கண்ணை உறுத்தும். ஒரே மாலையில் பதினொரு தூரையும் ஒட்ட வெட்டி, சருகையெல்லாம் மூட்டை கட்டி ஊர்க் குப்பைக்கு அனுப்பிவிட்டார்.

மார்லிஸ் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எப்படி, பளிச்சுன்னு இருக்கா?" என்றார் அப்பா.

மார்லிஸ் நடைச்சட்டத்தால் மொட்டை மண்ணைத் தட்டினார். "ஆரின், ஜனவரில உன் போர்வைய ஒருத்தன் உருவினா எப்படி இருக்கும்?"

"போர்வையா? எல்லாம் காஞ்ச குச்சி!"

"அந்தக் குச்சிதான் சருகையும் பனியையும் பிடிச்சு வைக்கும். இப்ப மொட்டை மண்ணு. உறையும், இளகும், மறுபடி உறையும். வேரைத் தூக்கி வெளிய போட்டுரும்."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "கல்யாணப் பூவா அது?"

"அதேதான். உன் பொண்டாட்டி ஹாட்டிஷ் நல்லா இருந்துச்சு, அதனால தப்பிச்ச."

அந்த வருடம் விழுந்த கொஞ்சப் பனியையும் காற்று அடித்துக்கொண்டு போனது. அப்பா தினமும் ஜன்னலில் நின்று மொட்டை மண்ணைப் பார்ப்பார். கிறிஸ்துமஸ் முடிந்து, ஊரே கிறிஸ்துமஸ் மரங்களைத் தெருவோரம் தூக்கிப்போட்டபோது, பிக்கப் வண்டியில் அவற்றைப் பொறுக்கக் கிளம்பினார்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்பவே சேக்கிறியா, ஆரின்?" என்றார் தபால்காரர்.

"கல்யாணத்துக்கு," என்றார் அப்பா விறைப்பாக.

விஷயம் பேருந்துக்கும் போய்விட்டது. மார்லிஸ் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஒரு பொடியன் படியில் நின்றான். "மிஸஸ் ட்வைட், மரத்த பஸ்ல ஏத்தலாமா?"

"மரம் கூடாது, விதி இருக்கு. கிளையப் பத்தி விதில ஒண்ணும் இல்ல. ஏறு."

மார்ச் வரை பேருந்தில் ஊசியிலை வாசம் போகவில்லை. சாமந்திப் பாத்தி முழங்கால் உயரத்துக்கு அந்தக் கிளைகளையே பச்சைப் போர்வையாகப் போர்த்திக் கிடந்தது.

ஏப்ரலில் கிளைகளை விலக்கியபோது கட்டைகள்தான் இருந்தன. மார்லிஸ் என்னைக் கேட்டது அன்றுதான். டாஃபடில் பூத்துவிட்ட நேரத்தில் இவை மட்டும் இப்படி நிற்பதைப் பார்த்து, உயிருள்ள சாமந்தியை எங்கள் ஊரில் பாதிப்பேர் பிடுங்கி எறிவது இந்தச் சமயத்தில்தான். அப்பாவும் மண்வெட்டியோடு வந்தார்.

"போயிருச்சு, மார்லிஸ். பூக்கடைல நான் சொல்லிடறேன், என் செலவு."

"மே பாதிக்கு முன்னாடி அந்த மண்வெட்டிய இதுல வெச்சியானா, கையில கட்டோடதான் நீ கல்யாணத்துக்கு வருவ."

மே ஒன்பதாம் தேதி காலை, இரவு உடையோடு பாத்தியில் மண்டியிட்டு அப்பா கத்தினார்: "மார்லிஸ்! பச்சை!"

கட்டையின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு துளிர். நான்கு தூர் போய்விட்டன, ஏழு பிழைத்தன. மார்லிஸ் அந்த ஏழையும் பிரித்து இருபத்தொன்றாக நட்டார். ஜூலை நான்கு வரை நுனி கிள்ளும் வேலை அப்பாவுக்கு.

"இப்பத்தான் பொழைச்சுது, அதுக்குள்ள கிள்ளச் சொல்றியே!"

"கிள்ளினாத்தான் கிளைச்சு நிறையப் பூக்கும். அன்னைக்கு வெட்டின கைக்கு இப்ப என்ன நடுக்கம்?"

கல்யாணத்தன்று இருபத்தெட்டு ஜாடிகள் துருநிறத்தில் நிறைந்தன. இரண்டு மேசைக்குப் பூ போதவில்லை. அவற்றில் ஒன்றில் மார்லிஸ் ஓர் ஊசியிலைக் கொத்தை வைத்து எங்களைக் கூப்பிட்டார். "ஆரின், இது உன் மேசை."

நவம்பரில் பக்கத்து வீட்டுச் சாமந்தியருகே கத்தரியோடு யாராவது நிற்பதைப் பார்த்தால், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏப்ரலில் மண்வெட்டியோடு அவரே வந்தால், இன்னொரு தடவை சொல்லுங்கள்.