நிறுத்தினால் நன்றி சொல்லும் வேலையிடம்

எங்கள் தொழிற்சாலையில் வேலையை நிறுத்துகிறவருக்கு நன்றி சொல்கிறார்கள். ஜெர்மனியில், பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு ஜப்பான்காரக் கம்பனி. வரிசையாக நின்று தண்ணீர்ப் பம்புகளின் பாகங்களைப் பூட்டுகிறோம். தலைக்கு மேலே ஓடும் மஞ்சள் கயிற்றைப் பிழை கண்டவர் இழுக்கவேண்டும், முழு வரிசையும் நின்றுவிடும். அப்படி நிறுத்தினால் வேலை போய்விடும் என்றே நான் நினைத்திருந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு திருகாணி சரிந்து இறங்கிவிட்டது. கயிற்றைத் தொடாமல், யாருக்கும் தெரியாமல் கழற்றிப் பூட்டி அனுப்பினேன். சமாளிப்பதில் நாங்கள் யாருக்குக் குறைந்தவர்கள்? மேற்பார்வையாளர் மோரி கண்டுவிட்டார். ஜெர்மனில் "ஏன்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் "ஏன்?" மறுபடியும் மன்னிப்பு. பக்கத்து மேசை சபினேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் உன்னை ஏசவில்லை, காரணம் கேட்கிறார்" என்றாள். ஏனுக்கு மேல் ஏனாகப் போய், மேசை உயரம், எனக்குக் கை எட்டவில்லை என்பதில் வந்து நின்றது. அடுத்த நாள் மேசையின் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். இந்த நாட்டில் என் அளவுக்கென்று ஒன்று செய்யப்பட்டது அதுதான் முதல் தடவை. கழிவறைக்குப் போய் அழுதேன்.

அந்தப் பழக்கம் பொல்லாதது, வீடுவரை வந்துவிட்டது. போன மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தபோது, "அப்பா நித்திரை, அக்கா" என்றாள் தங்கை வதனி. முந்திய கிழமையும் நித்திரைதான்.

"ஏன் இந்த நேரத்தில நித்திரை?"

"மருந்து குடிச்சவர்."

"ஏன் மருந்து?"

"நோவுக்கு."

"ஏன் நோகுது?"

அழத் தொடங்கிவிட்டாள். கிணற்றடியில் விழுந்து, இடுப்பு முறிந்து, படுக்கையில் இருக்கிறாராம். "சொன்னா அங்க இருந்து பதறுவியள் எண்டுதான்..."

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. "இங்க ஒரு குறையுமில்லை" என்று இத்தனை வருஷமும் நானும்தானே சொல்லிவந்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் மறைப்பார். அதற்குப் பெயர் பாசம். அதை மோரிக்கு எப்படி விளக்குவது? அன்று முழுக்க அப்பாவின் கட்டில் ஓரத்தில் போய் இருக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் லீவு கேட்டேன். மோரி ஏன் என்றார். சொன்னேன். தலை குனிந்து நின்றார், உடனே தந்தார். அன்று பின்னேரமே ஊருக்கு எடுத்தேன். வதனி போனை அப்பாவின் காதில் வைத்தாள். பார்க்க வருகிறேன் என்றேன்.

"எத்தனை நாள் நிப்பாய், பிள்ளை?"

"ரெண்டு கிழமை, அப்பா. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கமுதல் வீட்டை வந்திடவேணும்."



"ஓம், வீட்டை போகத்தானே வேணும்" என்றார் அப்பா, நான் பிறந்த வீட்டில் படுத்துக்கொண்டு.