கொடி பிடித்த ஊசி

அந்தத் தையற்காரரை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. அவர் மிதிக்கிற மிஷின் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. குடியிருக்கிற அறையும் மச்சான் கடைக்குப் பின்னால்தான். கதவைத் திறந்தால் கடை, சாத்தினால் சுவர். தெருவுக்குப் போவதென்றாலும் மச்சானைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மச்சானுக்குத் தொப்பை விழுந்தும் கால்பந்துப் பைத்தியம் விடவில்லை. மரப்பட்டறை ஆட்களோடு பந்தயம் வந்தது. கோட்டோரம் கொடி பிடிக்க அணிக்கொருவரை அனுப்புவதென்று பேச்சு.

"மாப்பிள்ளை, நீங்கதான் நிக்கணும்."

"அந்த ஆஃப்சைடு எழவு எனக்குப் புரியாது மச்சான். ஆளை விடுங்க."

"புரிய வெக்கிறேன், வாங்க."

வெட்டுமேஜையில் நூல்கண்டுகளை நிறுத்தினார் மச்சான். "இந்தப் பெரிய கண்டு கோல்கீப்பர். இது அவருக்கு முன்னால நிக்கிற கடைசித் தடுப்பாளு. பந்தை உதைக்கிற அந்த நொடியில, வாங்கப்போறவன் பந்தையும் தாண்டி, இந்தத் தடுப்பாளையும் தாண்டி நின்னா தப்பு. தலை, உடம்பு, காலு, எது தாண்டினாலும் தப்பு. கை மட்டும் கணக்கில்லை."

"பந்து அவன்கிட்ட வந்து சேரும்போது பாத்தா போதாதா?"

"அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. உதைக்கிறப்போ எங்க நின்னான்? அதான் பேச்சு."

ஊசிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தைக்கிறவன் ஊசியையா பார்த்துக்கொண்டிருக்கிறான்? துணியின் ஓரத்தைப் பார்க்கிறான். ஊசி இறங்குவதற்குக் காது போதும். அப்படியே கண்ணைத் தடுப்பாள்மேல் வைத்து, உதைச் சத்தத்தைக் காதில் வாங்கினால் முடிந்தது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பட்டறைக்காரர்கள் கோல் போட வரும் பாதியில் ஊசியை நிறுத்தினார் மச்சான். கொடி இரண்டு தடவை எழுந்தது. இரண்டும் நியாயமான தப்புதான். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்!" என்று மைதானமே கேட்கக் கூவினார்.

இடைவேளை முடிந்ததும் அணிகள் பக்கம் மாறின. கொடிக்காரர்கள் மாறவில்லை. அவ்வளவு திட்டம் போட்ட மனுஷர் இதை மட்டும் மறந்துபோனார். இப்போது ஊசியை நோக்கி ஓடிவருவது மச்சான்!

இரு பக்கமும் கோல் இல்லை. கடைசி நேரம். மச்சானுக்குப் பின்னாலிருந்து அவர் அணி ஆள் ஒருவன் பந்தை உதைத்த சத்தம் கேட்டது. அந்த நொடியில் தடுப்பாளைத் தாண்டி நின்றது மச்சானின் தொப்பை. பந்தை வாங்கி வலைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் ஊசியைப் பார்த்தே ஓடிவந்தார்.

ஊசிக்கு மிஷின் ஞாபகம் வந்தது. அறை ஞாபகம் வந்தது. முதுகுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற பட்டறைக்காரர்களின் மூச்சு, எதிரே மச்சானின் சிரிப்பு. நழுவ ஒரு சந்து இல்லை. ஓரம் தவறிப் பழகாத அந்தப் பாழாய்ப்போன கை தானாக எழுந்தது.

கோல் செல்லாது என்றாகிவிட்டது.

"புரியலைன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் மனைவி, அவர் அறைக்குள் வந்ததும் வராததுமாக.

"சொல்லிட்டுத்தானே இருந்தேன்? உங்கண்ணன்தான் புரிய வெச்சுத் தொலைச்சாரு."

கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் வந்து நின்றார். "தொப்பையுமா கணக்கு?"

"கை மட்டும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க." ஊசி கதவுக்கு அப்பாலிருந்த மிஷினைப் பார்த்தார். "நாளைக்கு மிஷின்ல உக்காரலாமா மச்சான்?"

"பின்னே? இதை யாரு தைப்பா?" கிழிந்த பனியன் மடியில் வந்து விழுந்தது. "அடுத்த பந்தயத்துக்கும் பட்டறைக்காரனுங்க உங்களைத்தான் கேக்குறானுங்க. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா. சரின்னுட்டேன்."

"மச்சான், நான் வேணாம்னு..."

கதவு சாத்திக்கொண்டது. ஊசி பனியனை விரித்து, ஓரத்தைத் தேடினார்.