ஆவணி போல்டர்

உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்தது அப்புசாமியின் கம்ப்யூட்டர் அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவரிடம் மாப்பிள்ளை பெயரைக் கேட்கும் முன்பே ஊரைக் கேட்பார், அப்பா பெயரைக் கேட்பார், குலதெய்வத்தைக் கேட்பார். அதற்குள் சாதி தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் சாதிக்கு ஒரு போல்டர்; அந்தச் சாதிக்கு அடித்த பத்திரிகைகள் அதில் இருக்கும், புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத்தான் வடிவம் எடுக்க வேண்டும். முதல் போல்டரில் மயிலும் யானையும் தங்கக்கொடியுமாக வடிவங்கள் கொட்டிக் கிடக்கும். கடைசிப் போல்டரின் பெயர் 'இதர'. அதில் வெறும் கோடு போட்ட வடிவங்கள் இரண்டே.

அத்தனையையும் வரைந்தவள் பொற்கொடி. தென்னந்தோப்புகளில் கூலிவேலை செய்து அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள் அப்பாவும் அம்மாவும். தான் வரைந்த மயில் தன் தெருவுக்கு வராது என்று தெரிந்தும், வயிற்றுப்பாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறு ஆனியில் அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் முகூர்த்தம். சுற்றிலும் தென்னம்பாளை விரிந்திருக்கும்படி தன் பத்திரிகையை வரைந்தாள். அப்புசாமி பார்த்தார், அழகுதான் என்றார், முதல் போல்டருக்கு மாற்றச் சொன்னார்.

"உனக்கு 'இதர'வுல ஒண்ணை எடுத்துக்க அம்மணி. பெரிய ஊட்டுக்காரங்க பத்திரிகையும் உங்க தெருப் பத்திரிகையும் ஒண்ணா இருந்தா நான் கடை நடத்த முடியுமா?"

அதை அவர் ஏதோ நல்லது சொல்வதுபோல் சொன்னார். பொற்கொடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆடி பிறந்ததும் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். அவர் சாப்பாட்டுக்குப் போன நேரமெல்லாம் ஒவ்வொரு பத்திரிகையாகத் திறந்தாள். தை, மாசி, பங்குனி என்று முகூர்த்த மாதத்துக்கு ஒரு போல்டர் போட்டு எல்லாவற்றையும் மாற்றினாள். காலியான சாதிப் போல்டர்களை மட்டும் அழித்தாள். அப்போது வந்த சந்தோஷம் நிச்சயதார்த்தத்தன்றுகூட வரவில்லை.

ஆடிக் கடைசியில் கூட்டம் வந்தது. முதல் போல்டரைக் காணாமல் அப்புசாமியின் முகம் கறுத்தது. பழையபடி மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார்.

"போகச் சொன்னாப் போறனுங்க. மாத்தறதை மட்டும் நீங்களே செஞ்சுக்கோங்க. ஒவ்வொண்ணாத் தொறந்து, இவங்க இன்ன சாதின்னு பாத்துப் பிரிக்கோணும். என்ர கையில அது ஆகாதுங்க."

அப்புசாமி மௌஸைப் பார்த்தார், படி வரைக்கும் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு மௌஸைப் பிடிக்கவே தெரியாது. வந்தவர்களைக் கவனிக்கச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

முதலில் நின்ற தோப்புக்காரர் நஞ்சப்பனுக்கு ஆவணிப் போல்டரைத் திறந்து காட்டினாள். தென்னம்பாளை அவருக்குப் பிடித்துப்போனது. யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றாள். அவர் எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேறு காட்டு என்றார். அவள் தலை குனியாமல் வேறு காட்டினாள்.

மறுவாரம் அவளுடைய பத்திரிகை தென்னம்பாளையோடு அச்சாகி வந்தது. வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு தாம்பாளத்தில் வைத்து, கடை நிறைய ஆள் இருந்த வேளையாகப் பார்த்து அப்புசாமியின் முன்னால் போய் நின்றாள். மேசையில் வைத்துவிட்டுப் போ என்று அவர் கண்ணைக் காட்டினார்.

"கையில வாங்கிக்கோங்க. எங்க ஊட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகோணுமுங்க" என்றாள்.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து வாங்கும்வரை அவள் தாம்பாளத்தை இறக்கவில்லை.