நீல நிலா வாக்கியம்

அல்லாஹ்வின் கிருபையால் தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த வருடம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. சிவகாசியில் எங்கள் அத்தா பட்டாசு லோடு லாரி ஓட்டினார். சீசன் தொடங்கிவிட்டால் வடக்கே போய்விடுவார்.

லீவு விட்ட அன்று ஆங்கில டீச்சர் பலகையில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று எழுதினார். நீல நிலா எவ்வளவு அபூர்வமோ, அவ்வளவு அபூர்வமாக நடக்கும் விஷயத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். நம் பேச்சில் அத்தி பூத்தாற்போல. "ஆளுக்கொரு வாக்கியம் எழுதிட்டு வரணும். பொய் எழுதக் கூடாது, உங்க வீட்டுல நடக்கிறதா இருக்கணும்," என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'மை ஃபாதர் கம்ஸ் ஹோம் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்!'

இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். பிறை பார்க்க வந்துவிடுவதாக அத்தா போனில் சொல்லியிருந்தார். நோன்பு திறந்த கையோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். ஒரே புகை! தெருப் பையன்கள் மிச்ச ராக்கெட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே லாரியும் இல்லை, மேலே பிறையும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். "ஏலே, நிறுத்துங்கலே! பாய் வீட்டுல பிறை பாக்காக. நீங்க புகையப் போட்டு மறைச்சா அந்தப் பிள்ளைக்கு எப்பிடிலே நாளைக்குப் பெருநா வரும்?"

"இந்த ஒண்ணு மட்டும்க்கா!"

"விட்டுப் பாரு, ஒன் ட்ரவுசர்லயே சொருகிருவேன்!"

தெருவே அடங்கியது. அந்த அமைதியில்தான் முனையில் ஆரன் சத்தம் கேட்டது. எங்கள் லாரி! அத்தா படிகளைத் தாவித் தாவி ஏறி வந்து என்னைத் தோளில் தூக்கினார்.

"எங்கன தெரியுது?"

நான் தேடுவதற்குள் ராக்கெட்டுக்காரப் பையன் கீழேயிருந்து கூவினான்: "அந்தா! செல்போன் டவருக்கு மேல!"

நகக்கீற்றுப் போல நின்றது பிறை. துஆ ஓதி முடித்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. தோளில் இருந்தபடியே என் வாக்கியத்தைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன்: "அத்தி பூத்த மாதிரி எங்கத்தா வீட்டுக்கு வருவாக."

அத்தா சிரித்தார். "பிள்ளை எம்புட்டு அளகா இங்கிலீசு பேசுது பாத்தியா!" என்றார், பின்னாலேயே மாடிக்கு ஏறி வந்திருந்த அம்மாவிடம். பிறகு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் லாரிச் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்தில் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டப் போகிறாராம். "சம்பளம் கம்மிதான். ஆனா இனிமே ராவுச் சோறு வீட்டுலதான்."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். நாளைக்குப் பள்ளிக்கூடம், என் வாக்கியம் பொய்யாகிவிட்டதே! வேறு வழியில்லாமல் அதை அழித்துவிட்டு, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதைப் பற்றி எழுதினேன். டீச்சர் 'குட்' போட்டார்.

அவ்வளவு நல்ல வாக்கியத்தை அத்தா கெடுத்துவிட்டார் என்று எனக்கு ரொம்ப நாள் கோபம். லாரியை ஏன் விட்டார் என்று கேட்க மட்டும் தோன்றவே இல்லை.