பிரான்ஸிலிருந்து வந்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் இருந்த எங்கள் உரக்கடைக்கு பில் போடுவதற்காக, என் மனைவியின் அண்ணன் பிரான்ஸிலிருந்து ஒரு மடிக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து தந்தார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எழுத்துக் கட்டைகளைக் குனிந்து பார்ப்பதே கேவலம் என்று பழகியவன்.

'ஏ' அடித்தால் திரையில் 'க்யூ' விழுந்தது. மூடித் திறந்தேன், தட்டினேன், ஊதினேன். ஒரு வாரம் இதே கூத்து.

"ஒங்கண்ணன் ஓட்டைப் பொட்டிய என் தலையில கட்டிட்டாரு!" என்று மனைவியிடம் கத்தினேன்.

டைப்பிங்கே தெரியாத அவள், ஒற்றை விரலால் தன் பெயரைப் பிழையில்லாமல் அடித்தாள்.

"எப்படி அடிச்சே?"

"எழுத்தப் பாத்துத்தாங்க அடிச்சேன்."

குனிந்து பார்த்தேன். பிரான்ஸ்காரர்கள் எழுத்துகளை வேறு வரிசையில் வைத்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் குனிகிறேன். திட்டுவது அதற்குப் பிறகுதான்.