மாமா எங்களைத் திருப்பிக் கூட்டி வந்த நாள்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பெண் தேடி அலுத்திருந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரன் தகைந்து வந்தது. மாமா பட்டாளத்துக்காரர், வடக்கே பனிமலையில் வேலை. அந்தச் சித்திரையில் லீவில் வந்திருந்தார். பூ வைப்பதற்கு முன் இரண்டு குடும்பமும் ஒன்றாக மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் போய் வரலாம் என்று அப்பா வேன் பிடித்தார். அருவியில் குளிக்கலாம் என்று எனக்குக் கொண்டாட்டம்.

சாமி கும்பிட்டுவிட்டு, ஓடையைத் தாண்டி அக்கரைப் பாறையில் சாப்பிட உட்கார்ந்தோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். அம்மா புளியோதரையைத் திறந்தபோது மாமா மலையுச்சியைப் பார்த்தபடி எழுந்தார். அங்கே கறுப்பாக ஒரு மேகம் நின்றது.

“எல்லாரும் எந்திரிங்க. மேல மழ பேஞ்சா இங்க சொல்லாம கொள்ளாம வெள்ளம் வந்துரும்.”

பெண்ணின் அப்பா சிரித்தார். “என்ன தம்பி, பட்டாளத்துல இருந்துட்டு இம்புட்டுத் தண்ணிக்கா பயப்படுதிய?”

மாமா சிரிக்கவில்லை. தூக்குச்சட்டிகளை அவரே மூடினார். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மொத்தமாக ஓடையில் இறங்கியதும் அவர் குரல் மாறியது. “கூட்டமாப் போகாதீய! ஒருத்தர் கரையேறுன பொறவு அடுத்தவரு!” என்று கத்தி, பெண்ணின் அப்பாவைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். அவருடைய வேட்டி நனைந்தது. கல்யாணப் பெண் மட்டும் சொன்னபடி தனியாக நடந்து கரையேறினார்.

மேகம் கலைந்துபோனது. ஒரு சொட்டு மழை இல்லை. புளியோதரையை வேனில் உட்கார்ந்து, யாரும் யாரோடும் பேசாமல் சாப்பிட்டோம்.

இரண்டு நாளில் போன் வந்தது. பையனுக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது, வேண்டாம் என்றார்கள். அந்த அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. நாங்களும் மாமாவை எதுவும் கேட்கவில்லை, திட்டத்தான் செய்தோம்.

அம்மா மட்டும் அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஏம்ல இப்படிப் பண்ணுன?”

மாமா சொன்னார்: “அங்க பனி காலையில பாறையாட்டம் கெட்டியாக் கெடக்கும்க்கா. வெயில் ஏற ஏற எளகிரும். அதுக்குள்ள திரும்பிரணும். சரிவுல எட்ட எட்டத்தான் நடக்கணும். ஒருத்தன் பொதஞ்சா மத்தவன் தோண்டி எடுக்கணும்லா? அன்னைக்கு நேரமாயிருச்சு. சேந்தே நடந்தோம், பேசிக்கிட்டே. நான் பூட்ஸ் கயிறு கட்டச் செத்த நேரம் பின்னால நின்னேன். முன்னால போன அம்புட்டுப் பேரு மேலயும் பனி சரிஞ்சு எறங்கிருச்சு. ஒத்த ஆளு எம்புட்டுத்தாங்க்கா தோண்டுவேன்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அன்னைக்கு வெயில் நல்லா அடிச்சுதுக்கா” என்றார் மாமா.

வெயில் அடித்தால் நல்லதுதானே, இதற்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் தெருவுக்கு விளையாட ஓடினேன்.